முறுகும் சேஸிஸின் மேல் பாடி கட்டுவது எப்படி? – பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பட்டறையில் பல ஆண்டுகளாக லோரிகளுக்குப் பாடி கட்டி வருகிறோம். தோட்ட முதலாளி ஒருவர் ஏலத்தில் எடுத்த பழைய யூனிமோக் யூ1300எல் வண்டியைக் கொண்டுவந்து, செம்பனைக் குலைகளை ஏற்றுவதற்குத் தட்டு போட்டுத் தரச் சொன்னார். சாதாரண லோரிக்குச் செய்வதைப் போலவே பெட்டிக் குழாயில் சப்-பிரேம் (தட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே வரும் துணைச்சட்டம்) அடித்து, இரண்டு பக்கமும் யூ-போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தோம். சில மாதங்களில் தட்டின் முன்மூலை வெல்டிங் பிளந்துவிட்டது. மறுபடியும் வெல்டிங் செய்து, மேலே தகடு வைத்து அடைத்தோம். இப்போது அந்தத் தகட்டுக்கு அடுத்த இடத்தில் விரிசல் வருகிறது. யூ-போல்ட் ஒன்றும் அறுந்துவிட்டது. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், பலம் போதாமல் ஆடுகிறது என்று நினைக்கிறேன். உட்புறம் தகடு வைத்து அதைப் பெட்டி போல மூடிவிட்டால் சரியாகுமா?
– பட்டறை உரிமையாளர், பட்டர்வொர்த்

பதில்: சேஸிஸை மூடி வெல்டிங் செய்யும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். உங்கள் வெல்டிங்கில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, சேஸிஸும் நலிந்துபோய்விடவில்லை. மேடுபள்ளத்தில் முறுகிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சேஸிஸ் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் இறுக்கிய சப்-பிரேமோ அதை முறுகவிடாமல் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில், எந்த இடம் தாங்காதோ அந்த இடம் முதலில் பிளக்கிறது. அங்கே தகடு வைத்து அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்துக்கு விரிசல் நகர்கிறது. நீங்கள் இப்போது பார்ப்பது அதைத்தான்.

இந்த வண்டியின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் சேஸிஸைப் புரிந்துகொள்வது எளிது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஆல்பர்ட் ஃபிரெட்ரிக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதை விவசாயிகளுக்கான வண்டியாகத் திட்டமிட்டார். உருளைக்கிழங்குப் பாத்திகளின் இரண்டு வரிசைகளுக்குப் பொருந்தும்படி முதல் வண்டிகளில் சக்கரங்களின் இடைவெளி 1,270 மில்லிமீட்டராக வைக்கப்பட்டது. 1948இல் போரிங்கர் நிறுவனத்தில் தொடங்கிய உற்பத்தி 1951இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் காகெனாவ் தொழிற்சாலைக்கு மாறியது. உழுத நிலத்திலும் மலைச்சரிவிலும் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதே அன்று முதல் இவ்வண்டியின் அடிப்படைத் தேவை. சுருள் ஸ்பிரிங்குகள் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன. அதற்கு மேலும் தேவைப்படும்போது சேஸிஸே முறுகி, தூக்கிய சக்கரத்தைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. ஆகவே கேபினையும் தட்டையும் சேஸிஸின் முறுக்கம் தாக்காதபடி தனித்தனியே தாங்க வைப்பதே இந்த வண்டிக்கு உரிய முறை. தொழிற்சாலை இதற்குப் பயன்படுத்திய மூன்று புள்ளித் தாங்கல் எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடியதுதான்.

சேஸிஸ் ஏன் இவ்வளவு எளிதாக முறுகுகிறது, உங்கள் சப்-பிரேம் ஏன் அப்படி முறுகுவதில்லை என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 200 மில்லிமீட்டர் உயரமும் 70 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட, ஒரு பக்கம் திறந்த சி-வடிவச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில், அதே தடிப்பில், நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முறுக்கத்தை எதிர்ப்பதிலோ பெட்டிச் சட்டம் 150 மடங்குக்கும் அதிகமான விறைப்புடையது. திறந்த சட்டத்தில் முறுக்க விறைப்பு பெரும்பாலும் தகட்டின் தடிப்பையே நம்பியிருக்கிறது. மூடிய சட்டத்தில் அது உள்ளே அடைபட்ட பரப்பின் வர்க்கத்தைச் சார்ந்திருக்கிறது. சி-வடிவச் சட்டத்தின் மேல் பெட்டிக் குழாய்ச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கும்போது, சேஸிஸுக்கு வர வேண்டிய முறுக்க விசையின் பெரும்பகுதி மேலே இருக்கும் சப்-பிரேமுக்கும் அதன் மூலை வெல்டிங்குகளுக்கும் போய்ச் சேருகிறது. சேஸிஸையே பெட்டியாக மூடினால், முறுக வழியில்லாமல் வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். விசை குறுக்குச் சட்டங்களின் இணைப்புகளில் குவிந்து அங்கே விரிசலை உண்டாக்கும். விலை கொடுத்து வாங்கிய வண்டியின் சிறப்பையே நாம் வெல்டிங் செய்து மூடிவிட்டதாகிவிடும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் ஒரு தளத்தில் அமையும் என்பதே அதன் காரணம். சப்-பிரேமின் ஒரு முனையில், இடமும் வலமுமாக இரண்டு தாங்கல்களை வையுங்கள். மறுமுனையில், சேஸிஸின் நடுக்கோட்டில், குறுக்குச் சட்டம் ஒன்றின் மேல் சுழலக்கூடிய ஒரே தாங்கலை வையுங்கள். அந்தச் சுழல் தாங்கலுக்குத் தடித்த ஊசியும் அதைச் சுற்றி வரும் வெண்கல அல்லது ரப்பர் உறையான புஷ்ஷும் போதும். ஊசி வண்டியின் நீளவாட்டில் இருக்க வேண்டும், கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்திருக்க வேண்டும். சேஸிஸ் எப்படி முறுகினாலும் அந்த ஊசியைச் சுற்றி அது திரும்பிக்கொள்ளும். தட்டு தன் வடிவில் கிடக்கும். ஊசியை முடிந்தவரை கீழே, சேஸிஸ் சட்டங்களின் உயரத்துக்குள்ளேயே அமையுங்கள். மேலே உயர்த்தி வைத்தால், ஒவ்வொரு முறுக்கத்திலும் தட்டு பக்கவாட்டில் இழுபட்டு, புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரட்டைத் தாங்கலை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதில்தான் நீங்கள் அதிகமாக யோசிக்க வேண்டும். குலை ஏற்றும் வண்டிக்கு இரட்டைத் தாங்கல் பின்னால், பின் அச்சுக்கு அருகில் இருப்பதே என் பரிந்துரை. பாரத்தின் பெரும்பகுதி அங்கேதான் இறங்குகிறது. முன்னால் இருக்கும் ஒற்றைத் தாங்கலுக்கு வரும் சுமை குறைவு. மூன்று தாங்கல்களையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஏற்றிய சுமையின் ஈர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்குள், அதுவும் அதன் அகன்ற பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒற்றைத் தாங்கலின் பக்கம் முக்கோணம் குறுகிவிடுகிறது. அங்கே குலைகளை உயரமாகக் குவித்துச் சரிவில் குறுக்கே ஓட்டினால் தட்டு சாய்ந்து, வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடும். பாரத்தை எங்கே குவிக்கலாம் என்பதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், பக்கப் பலகையில் அளவுக் கோடு ஒன்றும் வரைந்து கொடுங்கள். இந்த வண்டிகளில் போவது நம் ஆட்கள். செம்பனைத் தோட்டத்துச் சரிவுகள் மழை நாளில் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இடைவெளிக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தட்டின் நீளத்துக்குள் சேஸிஸ் 5 டிகிரி முறுகுவதாக வைத்துக்கொள்வோம். சேஸிஸின் இரண்டு நெடுஞ்சட்டங்களும் 800 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒற்றைத் தாங்கல் இருக்கும் முனையில் ஒரு சட்டம் 35 மில்லிமீட்டர் மேலே எழும்பும், மற்றது அதே அளவு கீழே இறங்கும். எனவே அந்த முனையில் சேஸிஸுக்கும் சப்-பிரேமுக்கும் இடையே குறைந்தது 50 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். தட்டு 2.2 மீட்டர் அகலமானால், அதன் மூலையில் ஏற்றமோ இறக்கமோ ஏறத்தாழ 96 மில்லிமீட்டர் ஆகிவிடும். சேஸிஸுக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில், கேபினின் பின்பக்கமும் தட்டின் முன்தடுப்பும் பக்கவாட்டில் 130 மில்லிமீட்டர் வரை விலகக்கூடும். ஆகவே முன்தடுப்பைக் கேபினோடு ஒட்டி வைக்கவோ, இரண்டையும் ஒரு கம்பியால் இணைக்கவோ கூடாது. டீசல் டாங்க், காற்று டாங்க், குழாய்கள் ஆகியவற்றைச் சேஸிஸோடு மட்டுமோ, தட்டோடு மட்டுமோ பொருத்துங்கள். இரண்டையும் கடந்து செல்லும் எந்தக் குழாய்க்கும் வளைந்து கொடுக்கும் ஹோஸ் வேண்டும்.

சுமை மிகக் கனமானது, ஒற்றைத் தாங்கலால் குறுக்குச் சட்டம் வளைந்துவிடும் என்ற அச்சம் இருந்தால், சாய்சதுர வடிவில் நான்கு தாங்கல்களை வைக்கலாம். நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சுழல் தாங்கல், தட்டின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு தாங்கல் என்பது அந்த அமைப்பு. முறுக்கத்தில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் பிரிந்துவிடுவதால் இடைவெளி குறைவாகவே தேவைப்படும். வேலை அதிகம், ஆனால் தண்ணீர் டாங்க் போன்ற கனமான, அசையக்கூடிய சுமைக்கு நான் இதைத்தான் விரும்புவேன். மூன்றாவது வழியாக, சப்-பிரேமைச் சேஸிஸின் மேல் முழு நீளத்துக்கும் படியவிட்டு, பின்பக்கத்தை மட்டும் தகடுகளால் உறுதியாகப் பிணைத்து, முன்பக்கப் போல்ட்டுகளுக்கு அழுத்த ஸ்பிரிங் போடும் முறை உண்டு. முறுகும்போது சப்-பிரேமின் முன்பக்கம் ஒரு புறம் எழும்பி மறுபடி அமர்ந்துவிடும். சாதாரண நான்கு சக்கர இயக்க லோரிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க வழிகாட்டித் தகடுகளை மறக்காதீர்கள். யூனிமோக் அளவுக்கு முறுகும் வண்டிக்கு ஸ்பிரிங் முறை போதாது என்பது என் கருத்து.

பொருத்தும்போது சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடாதீர்கள், வெல்டிங்கும் செய்யாதீர்கள். வளைவின் அழுத்தம் அந்த விளிம்புகளில்தான் மிக அதிகமாக இருக்கிறது. வெல்டிங்கின் வெப்பம் பட்ட இடம் பிற்பாடு விரிசலுக்கு வாசலாகிவிடும். தொழிற்சாலை விட்ட துளைகளைப் பயன்படுத்தி, சட்டத்தின் நிற்கும் பக்கத்தில் தாங்கல் தகடுகளை 8.8 அல்லது 10.9 தரப் போல்ட்டுகளால் பிணையுங்கள். சேஸிஸுக்கும் சப்-பிரேமுக்கும் இடையே மரக்கட்டையைத் திணிக்கும் பழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடுங்கள். நம் வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி நசுங்கும்போது போல்ட் தளர்ந்துவிடும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள். இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் உறுதியான கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். எங்கே உரசுகிறது, எங்கே இடைவெளி அடைபடுகிறது, எந்த ஹோஸ் இழுபடுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கச் சக்கரங்களை ஏற்றி மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. காட்டுவழிப் பயணத்துக்காக ஒரு பழைய இராணுவ லோரியைத் திருத்தி வருகிறேன். அதன் கேபின் துருப்பிடித்துவிட்டதால் வேறொரு லோரியின் கேபினை வாங்கி, நான்கு மூலையிலும் இரும்புத் தாங்கல் அடித்து நேரடியாகப் போல்ட் போட்டோம். மேட்டில் ஒரு சக்கரம் ஏறியதும் கதவு திறக்க மறுக்கிறது. முன்கண்ணாடியிலும் கீழ்மூலையில் கீறல் விழுந்துவிட்டது. கேபினுக்கும் மூன்று புள்ளித் தாங்கல்தான் வேண்டுமா?
– வாசகர், செகாம்புட், கோலாலம்பூர்

பதில்: கண்ணாடியில் கீறல் மூலையிலிருந்து தொடங்கியிருப்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கேபின் ஒரு பெட்டி. அதன் பெரிய திறப்புகள் கதவும் கண்ணாடியும்தான். பெட்டி முறுகும்போது செவ்வகமான திறப்புகள் சாய்ந்துபோகின்றன. கதவு சட்டத்தில் சிக்குகிறது. வளைந்து கொடுக்கத் தெரியாத கண்ணாடி பிளக்கிறது.

மூன்று புள்ளித் தாங்கல் சிறந்தது என்றாலும், உங்களுக்கு அது கட்டாயம் என்று சொல்லமாட்டேன். கேபின் தட்டைவிட நீளத்தில் மிகச் சிறியது என்பதால், அதற்குள் விழும் முறுக்கமும் குறைவு. 3 மீட்டர் நீளத்தில் 5 டிகிரி முறுகும் சேஸிஸ், 1.2 மீட்டர் நீளமுள்ள கேபினுக்கு அடியில் 2 டிகிரிதான் முறுகும். தாங்கல்கள் 800 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், முன்ஜோடிக்கும் பின்ஜோடிக்கும் இடையே 28 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நான்கு தாங்கல்களும் அதைப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் மேலோ கீழோ கொடுத்தால் போதும். தடித்த, மென்மையான ரப்பர் தாங்கல்களுக்கு இது எட்டக்கூடிய அளவு. இரும்போடு இரும்பாகப் பிணைத்தபோது, அந்த 7 மில்லிமீட்டருக்கு இடமில்லாமல் கேபின் தகடே வளைந்திருக்கிறது. ரப்பரை மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் வையுங்கள். நடுவில் குழாய்த் துண்டு போட்டால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் நசுங்கிக் கட்டையாகாது. போல்ட் தளர்ந்தாலும் கேபின் கழன்றுவிடாதபடி, ரப்பரைவிட அகலமான வாஷரைக் கீழே போடுவது மிக அவசியம்.

உங்கள் சேஸிஸ் இதைவிட அதிகம் முறுகுமானால், கேபினின் பின்பக்கம் இரண்டு தாங்கல்களும் முன்பக்கம் நடுவில் ஒன்றுமாக வைத்து மூன்று புள்ளிக்குப் போய்விடுங்கள். எந்த முறையானாலும், இனி கேபின் சேஸிஸிலிருந்து தனியாக அசையும் என்பதை நினைவில் வைத்திருங்கள். ஸ்டியரிங் தண்டுக்கு இரண்டு யுனிவர்சல் மூட்டுகளும், நீண்டு சுருங்கும் இணைப்பும் வேண்டும். கியர் கம்பி தரையில் உரசாமல் இருக்கப் பெரிய துளையும் ரப்பர் உறையும் வேண்டும். கிளட்ச், பிரேக் குழாய்கள் கேபினிலிருந்து சேஸிஸுக்கு இறங்கும் இடத்தில் ஹோஸாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டு இறுகிப்போனால் கேபின் அசையும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பக்கூடும் என்பதால், மற்ற எதையும்விட அதை முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் டுரியான் தோட்டத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர் பிக்கப் இருக்கிறது. தட்டை மாற்றப் போகிறோம். அதற்கும் இந்தச் சுழல் தாங்கல் தேவையா?
– வாசகி, பாலிக் பூலாவ், பினாங்கு

பதில்: தேவையில்லை, அம்மா. கேமரன் மலையில் காய்கறிக் கூடைகளைச் சுமந்து ஏறிய பழைய லேண்ட் ரோவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் சேஸிஸ் தகடுகளை வெல்டிங் செய்து மூடிய பெட்டிச் சட்டம் என்பதால் அது அதிகம் முறுகாது. மேடுபள்ளத்தைச் சமாளிப்பது அச்சுகளும் ஸ்பிரிங்குகளும்தான். தட்டும் குட்டையானது. நல்ல ரப்பர் துண்டுகளை வைத்துப் போல்ட் போட்டாலே போதும். ஆனால் அந்தப் பெட்டிச் சட்டம் உள்ளே நீர் தேங்கித் துருப்பிடிக்கும் இயல்புடையது. தட்டைக் கழற்றியிருக்கும்போது சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மெலிந்த இடங்களை முதலில் மாற்றிவிடுங்கள்.

காட்டுப் பாதை லோரிகளிலும் முறுகாத வகை உண்டு. 1923இல் பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா செக் நிறுவனமான டாட்ராவின் டாட்ரா 11 காருக்கு வடிவமைத்த நடுக்குழாய் சேஸிஸின் வழியில் டாட்ரா லோரிகள் இன்றும் வருகின்றன. 1970களில் ஜெர்மன் இராணுவத்துக்காக உற்பத்திக்கு வந்த மான் நிறுவனத்தின் கேட்1 லோரியும் விறைப்பான பெட்டிச் சட்டம் கொண்டது. அவற்றில் சேஸிஸை விறைப்பாக வைத்துக்கொண்டு, தரைக்கேற்ப இணங்கும் வேலையைச் சக்கர அமைப்பிடம் முழுவதுமாக ஒப்படைத்திருக்கிறார்கள். ஆகவே எந்த வண்டிக்கும் தட்டு கட்டுவதற்கு முன், அதன் சேஸிஸ் எந்த வகை என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 10 அடிக் கண்டெய்னரை முறுகும் சேஸிஸ் உள்ள லோரியில் ஏற்றி, நடமாடும் பட்டறையாக ஆக்கலாமா? நான்கு மூலையிலும் டுவிஸ்ட்-லாக் (கண்டெய்னர் மூலையைப் பிடிக்கும் திருகு பூட்டு) போட்டால் போதுமா?
– வாசகர், சுங்கை பூலோ

பதில்: ஏற்றலாம், ஆனால் டுவிஸ்ட்-லாக்குகளை நேரடியாகச் சேஸிஸில் பொருத்தக் கூடாது. கண்டெய்னர் முறுக்கத்துக்கு இடம் கொடுக்காத இரும்புப் பெட்டி. அதன் நான்கு மூலைகளையும் சேஸிஸோடு பூட்டினால், ஒரு மூலையில் பாரம் முழுவதும் ஏறி எதிர்மூலையில் பூட்டு மேல்நோக்கி இழுபடும். கண்டெய்னரின் அளவுக்கு, அதாவது 2,991 மில்லிமீட்டர் நீளமும் 2,438 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட விறைப்பான சப்-பிரேம் ஒன்றைச் செய்து, டுவிஸ்ட்-லாக்குகளை அதில் பொருத்துங்கள். அந்தச் சப்-பிரேமை மேலே சொன்ன சாய்சதுரத் தாங்கலில் வையுங்கள். கண்டெய்னருக்குள் ஓட்டுநர் கேபினிலிருந்தே போய்வரும் வழி வேண்டுமானால், இரட்டைத் தாங்கல் முன்னால் வரும்படியான மூன்று புள்ளி முறைக்கு மாறி, இடையில் துருத்தி போன்ற ரப்பர் இணைப்பை வைக்க வேண்டும். கண்டெய்னரின் வெற்று எடையே கணிசமானது. கருவிகளையும் சேர்த்து வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடைக்குள் வருகிறதா என்பதை எடைமேடையில் நிறுத்திப் பார்த்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

கேள்வி: இப்படிப் பாடியை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் சிக்கல் வருமா?
– வாசகர், பூச்சோங்

பதில்: அனுமதி வாங்காமல் மாற்றினால் கண்டிப்பாக வரும். பாடியின் வகையை மாற்றுவதற்கு முன் ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். வேலை முடிந்ததும் வண்டி சோதனைக்குப் போக வேண்டும். வரைபடத்தில் தாங்கல்களின் இடமும் அளவும் தெளிவாக இருந்தால், சோதனையில் விளக்கம் சொல்வது எளிதாகிறது. பொது சாலைக்கு வராமல் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றாலும், அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை முதலாளியிடமும் ஒன்றைப் பட்டறையிலும் வைத்திருங்கள். அடுத்த முறை போல்ட் இறுக்கிப் பார்க்க வரும் மெக்கானிக்குக்கு எந்தத் தாங்கல் சுழல வேண்டியது, எது அசையக் கூடாதது என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும்.